துணைக்கால்

மேலூர் கோர்ட்டில் எனக்குத் தட்டச்சு வேலை.
மின்விசிறிக்கு நேர்கீழே மேசை,
அதனால் தாள்களின் மேல் எப்போதும் ஒரு கல்.
அந்தக் கல்லும் ஏதோ அடிதடியின் சான்றுப்பொருள்தான்.
வழக்கு முடிந்தும் யாரும் கேட்டு வரவில்லை.

இன்று அரசு தரப்பு மூன்றாம் சாட்சி.
இருளாயி, வயது ஐம்பத்திரண்டு, பூப்பறிக்கும் கூலி.
கூண்டேறியதும் செருப்பைக் கழற்றிக்
கையில் வைத்துக்கொண்டாள்.

"மலைச்சாமிதேன் மோட்டாரக் கழட்டுனானாம்.
சாக்குல சுத்தி வண்டியில வச்சுட்டுப் போனானாம்.
விடியக்காலம் நாலு மணி இருக்குமாம்."

நடுவர் பேனாவைக் கீழே வைத்தார்.
"நீங்க பார்த்தீங்களா?"
"நான் எங்கம்மா பார்த்தேன். பார்த்தாகளாம்."
"யாரு?"
"சொன்னாக."

என் விரல்கள் நின்றன.

ஆம் என்று தனியே தட்டினால் அது சத்தியம்.
'மேற்படி மோட்டாரை அடையாளம் தெரியுமா?'
'ஆம்.'
அதே சொல்லை ஒரு வினையின் முதுகில் ஒட்டினால்
ஆ கரைந்து துணைக்காலாகிவிடும்.
சொந்தக் காலில் நின்றது
ஊர்க்காலில் நிற்கத் தொடங்கும்.
நடுவே இருப்பது
என் கட்டைவிரல் ஒருமுறை அழுத்தும் இடைவெளி.

முதல் தகவல் அறிக்கையை எடுத்துப் பார்த்தேன்.
கழற்றினான்.
கொண்டு சென்றான்.
நேரம் அதிகாலை நான்கு.
ஸ்டேஷன் ரைட்டருக்கு அழகான கையெழுத்து,
எல்லாம் வால் நறுக்கிய வாக்கியம்.
அவள் ஊரிலிருந்து ஸ்டேஷனுக்குப் பதினோரு கிலோமீட்டர்.
எந்தப் பள்ளத்தில் மினிபஸ் குலுங்கி விழுந்தது அந்த ஆம்?
இல்லை, மேசைவரை பத்திரமாக வந்து
ரைட்டரின் டீ டம்ளருக்கு அடியில் மாட்டிக்கொண்டதா?
அது இல்லாமல்
நாற்பத்தொரு நாள் உள்ளே இருந்தான் மலைச்சாமி.

எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார்.
புளுகு என்றார். கட்டுக்கதை என்றார்.
ஊர்ப் புரளியைச் சுமந்து வந்திருக்கிறாய் என்றார்.

இருளாயி செருப்பைக் கை மாற்றினாள்.
"புளுகுனா எனக்கு அதுல ஒரு ருசி இருக்கணும்யா.
கதை கட்ட நேரம் வேணும்,
நான் ரெண்டு மணிக்கு டார்ச்சக் கட்டிக்கிட்டு
மல்லிக்காட்டுக்குப் போறவ.
புரளிய நானா கெளப்புனேன்?
கழட்டுனான்னா சொன்னேன்?
கழட்டுனானாம்னுதேன சொன்னேன்!"

யாரோ சிரித்தார்கள். நடுவர் சிரிக்கவில்லை.
"சாட்சி தான் கேள்விப்பட்டதாகக் கூறுகிறார்,"
என்று சொல்லச் சொல்லத் தட்டினேன்.
செவிவழி. ஏற்கத்தக்கதல்ல.

கைநாட்டு வைக்க என் மேசைக்கு வந்தாள்.
மையோடு விரலைத் தூக்கிப் பிடித்தபடி
மெதுவாகக் கேட்டாள்:
"அப்ப நான் சொன்னது பொய்யாம்மா?"

படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
விரல் துடைக்க ஒரு பழைய சம்மனைக் கொடுத்தேன்.

ஐந்தே முக்கால் பஸ்.
ஒத்தக்கடை நெருங்க ஜன்னல் நிறைய யானைமலை.
யானை ஒன்று வந்ததாம், கல்லானதாம்.
அதற்கு இதுவரை யாரும் சாட்சி கூப்பிடவில்லை.

பக்கத்து சீட்டில் எங்கள் தெரு ஸ்டெல்லா.
மடியில் அவள் வாங்கிய மொட்டுகள்
பை வெக்கையில் அவிழத் தொடங்கியிருந்தன.
டிக்கெட் எடுத்தாள், எனக்கும் சேர்த்து.
பிறகு கேட்டாள்:
"மஸ்கட்ல அண்ணன் நல்லாருக்காராக்கா?"

நான் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இருக்காராம்," என்றேன்,
இடைவெளி விடாமல்.